டோர்னமென்ட்டை விட்டு கேஷ் கேமுக்கு மாறுவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போக்கர் சீட்டாட்டத்தை முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ள முடிவெடுத்திருக்கும் இளைஞர் ஒருவரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நுழைவுக் கட்டணம் கட்டிப் பரிசுக்காக ஆடும் டோர்னமென்ட் ஒன்றில் கோவாவில் பரிசு பெற்ற அவர், பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு இனி, சொந்தப் பணத்தையே மேசையில் வைத்து ஆடும் கேஷ் கேம் மட்டுமே ஆடப்போவதாகவும், டோர்னமென்ட் லாட்டரி மாதிரி, கேஷ் கேம் மாதச் சம்பளம் மாதிரி என்றும் கூறியிருக்கிறார். கட்டுரையாளரும் அதை மறுக்கவில்லை. டோர்னமென்ட்டில் வென்றவர்கள் ஏறும் அடுத்த படி என்றே கேஷ் கேமை அறிமுகப்படுத்தியிருக்கிறார். அந்தப் படியில் ஏறுவதாக எண்ணிக் கால் இடறியவன் நான். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை நடத்துகிறேன். 2014 முதல் எட்டு ஆண்டுகள் டோர்னமென்ட் மட்டுமே ஆடிவிட்டு, 2022இல் கேஷ் கேம் மேசைக்கு மாறினேன். சூது நல்லதா கெட்டதா என்ற வழக்கை இங்கே எடுக்கப்போவதில்லை. அதைப் பற்றி என் மனைவியின் கருத்து என்னுடையதைவிடத் தெளிவானது.

முதலில் அந்த 'அடுத்த படி' என்பதைப் பார்ப்போம். வரலாறு நேர்மாறானது. லாஸ் வேகாஸில் பென்னி பினியன் தம் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் 1970இல் தொடங்கிய 'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்' முதல் ஆண்டில் டோர்னமென்ட்டாக நடக்கவே இல்லை. அழைக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் சொந்தப் பணத்தை மேசையில் வைத்துக் கேஷ் கேம்தான் ஆடினார்கள். முடிவில் அவர்களே வாக்களித்து ஜானி மாஸ் என்பவரைச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்குச்சீட்டில் முடிகிற ஆட்டத்தை வெளியார் எப்படிப் பார்த்து ரசிப்பார்கள்? அடுத்த ஆண்டு, அனைவரும் சம அளவு சில்லுகளோடு (பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் கட்டும் வில்லைகள்) தொடங்கி ஒருவரிடமே எல்லாம் சேரும்வரை ஆடும் முறை வந்தது. ஆக, கேஷ் கேம் ஆடிப் பிழைத்தவர்களுக்கு நடுவே, ஊர் பார்க்க ஒரு வெற்றியாளர் வேண்டும் என்பதற்காக வந்து சேர்ந்ததே டோர்னமென்ட். 1976, 1977 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற டாயல் பிரன்சனை உலகம் அந்தப் பட்டங்களால் அறிந்தாலும், அவர் முதுமைவரை ஆடிக்கொண்டிருந்தது பெருந்தொகைக் கேஷ் கேம் மேசைகளில்தான்.

பிறகு எப்படி எல்லாரும் டோர்னமென்ட் வழியாகவே போக்கருக்குள் வந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் 2003. டென்னசி மாநிலத்துக் கணக்காளரான கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிச் சுற்று வழியாக 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள, அதே வேர்ல்ட் சீரிஸின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலரோடு வெளியே வந்தார். அந்த ஆண்டு 839 பேர் ஆடிய போட்டியில் 2006இல் 8,773 பேர் ஆடினார்கள். சிறிய காசைக் கட்டிப் பெரிய காசை எடுக்கலாம் என்ற அந்த ஆசைதான் என்னையும் உள்ளே இழுத்தது. நூறு ரூபாய் கேட்டால் காரணம் கேட்கும் நான், டோர்னமென்ட்டுக்கு மூவாயிரம் கட்டும்போது கை நடுங்கியதில்லை. போனால் மூவாயிரம்தான் போகும் என்று எல்லை தெரிந்திருந்தது. கேஷ் கேமில் அந்த எல்லையை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டிலும் அதே ஐம்பத்திரண்டு சீட்டு, அதே இஸ்பேட், அதே கிளாவர், சீட்டுப் போடும் அதே டீலர். ஆனால் சில்லின் பொருள் வேறு. கேஷ் கேமில் நூறு ரூபாய்ச் சில்லு என்றால் அது நூறு ரூபாய். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்க் கவுன்ட்டரில் மாற்றிக்கொள்ளலாம். டோர்னமென்ட் சில்லை எங்கும் மாற்ற முடியாது. அது ஆட்டத்தில் உயிரோடு இருப்பதற்கான அனுமதி மட்டுமே. இதன் விளைவு எவ்வளவு ஆழமானது என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டிவிடலாம். பரிசுத் தொகை மொத்தம் 10,000 ரூபாய். முதல் மூவருக்கு 5,000, 3,000, 2,000. மேசையில் நால்வர் சமமான சில்லுகளோடு மிஞ்சியிருக்கிறார்கள். ஒவ்வொருவரின் பங்கும் இப்போது 2,500 ரூபாய் பெறும். நான் ஒருவரோடு மோதி, அவருடைய சில்லுகள் முழுவதையும் வென்றுவிட்டேன் என்று கொள்வோம். என் சில்லு இரட்டிப்பாகிவிட்டது. என் பங்கு 5,000 ஆகிவிடுமா? ஆகாது. போக்கர்காரர்கள் பயன்படுத்தும் வழக்கமான கணக்குப்படி அது ஏறத்தாழ 3,833தான். மீதியெல்லாம், கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்த மற்ற இருவருக்கும் போகிறது. எதுவும் செய்யாமலே அவர்கள் பங்கு 2,500இலிருந்து 3,083 ஆக உயர்ந்துவிடும். 1,333 ரூபாய் லாபத்துக்காக 2,500 ரூபாயைப் பணயம் வைப்பதால், நூற்றுக்கு அறுபத்தைந்து முறைக்கு மேல் வெல்வேன் என்ற நிலை இருந்தால்தான் அந்த மோதலில் இறங்கலாம். கேஷ் கேமில் அதே மோதலுக்கு ஐம்பத்தொரு முறை போதும்.

எட்டு ஆண்டுகளாக 'பிழைத்திரு, பிழைத்திரு' என்று பழகிய மனம், கேஷ் கேம் மேசைக்கு வந்ததும், நூற்றுக்கு ஐம்பத்தைந்து முறை வெல்லக்கூடிய இடத்தில் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுகிறது. அதைத் தவறென்று யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள், இழப்பாகவும் தெரியாது. கடையில் விற்காமல் திருப்பி அனுப்பிய சரக்கு கணக்கில் ஏறாததைப் போல அது மறைந்துவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறுதான் கண்ணுக்குத் தெரிவது. அதைச் செய்தும் பார்த்துவிட்டேன். டோர்னமென்ட்டில் பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயம் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஆட்டத்தின் பெரும்பகுதியை, அந்தக் கட்டாயப் பந்தயங்களில் பெரியதான பிக் பிளைண்டைப் போல இருபது முப்பது மடங்கு சில்லோடுதான் ஆடுகிறோம். அந்த நிலையில் நல்ல ஜோடி ஒன்று அமைந்தால் அனைத்தையும் நடுவே தள்ளிவிடுவது பெரும்பாலும் சரியான முடிவு. கேஷ் கேமில் பிளைண்ட் ஏறாது. நூறு, நூற்றைம்பது மடங்கு சில்லோடு உட்கார்ந்திருப்பார்கள். ஜோடியின் மதிப்பு அங்கே தலைகீழாகிறது.

கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல் ஒன்றில், 100–200 மேசையில் (சிறிய பிளைண்ட் 100 ரூபாய், பிக் பிளைண்ட் 200), என் இரண்டாவது பயணத்தின்போது நடந்தது இது. என் முன்னால் 30,000 ரூபாய். எனக்கு மட்டுமான இரு சீட்டுகளாக ஏஸும் ராஜாவும் வந்தன. 800 என்று உயர்த்தினேன். பெல்காம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும், தேநீரைக் கீழே வைக்காமலே, 800 போட்டுக் கூட வந்தார். ஃபிளாப்பில், அதாவது எல்லாருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டுகளில், ஏஸ், ஆறு, இரண்டு. எனக்கு ஏஸ் ஜோடி, துணைக்கு ராஜா. 1,300 கட்டினேன், அவரும் கட்டினார். டர்ன் எனப்படும் நான்காவது பொதுச் சீட்டு ஒன்பது. நான் 3,000 வைத்தேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு 9,000 என்றார். டோர்னமென்ட்டில் எத்தனையோ முறை செய்ததைப் போல, யோசிக்காமல் மீதி அனைத்தையும் தள்ளினேன். அவர் நொடியும் தாமதிக்காமல் ஒப்புக்கொண்டு இரண்டு ஆறுகளைத் திருப்பினார். மேசையில் கிடந்ததோடு சேர்த்து மூன்று ஆறுகள். டர்னில் அந்த மனிதர் 9,000 என்று உயர்த்தியபோதே என் ஜோடி செத்துவிட்டது என்பதை மேசையில் இருந்த மற்ற எல்லாரும் அறிந்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து, அவர் முதலில் போட்ட 800 ரூபாய் சரிதானா என்று கணக்குப் பார்த்தேன். கையில் ஜோடி இருப்பவருக்கு ஃபிளாப்பில் அதே எண்ணின் மூன்றாவது சீட்டு விழ ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. ஏழரை முறை 800 ரூபாய் போனால் 6,000 நஷ்டம். அதை ஒரே முறையில் என்னிடமிருந்து திரும்ப எடுக்க வேண்டும். டோர்னமென்ட் கடைசிக் கட்டத்தைப் போல என்னிடம் 4,000 மட்டும் இருந்திருந்தால், எல்லாவற்றையும் எடுத்தாலும் அவருக்குக் கட்டுப்படியாகாது. சீட்டைக் கவிழ்த்திருக்க வேண்டும். என்னிடம் 30,000 இருந்தது. ஜோடியை விட மாட்டாதவன் நான் என்பதையும் அவர் அரை மணி நேரத்தில் கண்டுகொண்டிருந்தார். அவர் என் சீட்டின் மீது பந்தயம் வைக்கவில்லை; என் பழக்கத்தின் மீது வைத்தார்.

இன்னொரு வேறுபாட்டை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. டோர்னமென்ட்காரனுக்கு எழுந்து போகத் தெரியாது. சில்லு தீர்ந்தால் அவனை எழுப்பிவிடுவார்கள்; தீராதவரை அவன் எழக்கூடாது. எட்டு ஆண்டுகள் அப்படி உட்கார்ந்தவனுக்கு, 'இந்த மேசையில் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள், கிளம்பலாம்' என்ற முடிவு ஆட்டத்தின் ஒரு பகுதி என்றே தோன்றாது. எந்த மேசை, எந்த நாற்காலி, யாருக்கு இடப்பக்கம் உட்காருவது, எப்போது வீட்டுக்குப் போவது ஆகிய முடிவுகள்தான் கேஷ் கேமில் பாதி வருமானம். அதிகாலை மூன்று மணிக்கு, தோற்ற பணத்தை மீட்க இன்னொரு 20,000 எடுத்து வைப்பவரைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் தூக்கத்தைத் துறந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒருவராக நான் இருந்த இரவுகளின் எண்ணிக்கையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாதது ரேக், அதாவது ஆட்டம் நடத்துபவர் எடுக்கும் பங்கு. டோர்னமென்ட்டில் நடத்துபவரின் பங்கு நுழைவுக் கட்டணத்தோடு வாசலிலேயே முடிந்துவிடுகிறது. தொகை கண்ணுக்குத் தெரியும். கேஷ் கேமில் ஒவ்வொரு கையிலும், அதாவது சீட்டுப் போட்டு ஆடும் ஒவ்வொரு முறையும், நடுவே சேர்ந்த தொகையிலிருந்து ஒரு சதவீதத்தை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, டீலர் எடுத்துப் பெட்டிக்குள் போடுவார். ஒன்பது பேர் ஆளுக்கு 20,000 வைத்து உட்கார்ந்த மேசையில் மணிக்கு இருபத்தைந்து கைகள் நடந்து, கைக்குச் சராசரியாக 250 ரூபாய் எடுக்கப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 6,250 ரூபாய். பத்து மணி நேரத்தில் 62,500. மேசைக்கு வந்த 1,80,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எவரும் தோற்காமலே, மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு நாற்காலியும் மணிக்குக் கிட்டத்தட்ட 700 ரூபாய் வாடகை கட்டுகிறது என்று பொருள். என் கடை வாடகை அதைவிடக் குறைவு. மற்றவர்களைவிடச் சற்று நன்றாக ஆடினால் போதும் என்பது இங்கே செல்லாது. வாடகையைக் கட்டிவிட்டு மிஞ்சும் அளவுக்கு நன்றாக ஆட வேண்டும்.

இனி 'மாதச் சம்பளம்'. ஏற்ற இறக்கம் கேஷ் கேமில் குறைவு என்பது உண்மை. டோர்னமென்ட்டில், லாஸ் வேகாஸ் முதன்மைப் போட்டியையே எடுத்துக்கொண்டாலும், 2024இல் ஆடிய 10,112 பேரில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கே ஏதாவது ஒரு பரிசு கிடைத்தது. பெருந்தொகை கடைசி மேசைக்காரர்களுக்குத்தான். ஓர் ஆண்டு முழுவதும் நன்றாக ஆடியும் ஒன்றுமில்லாமல் திரும்பலாம். எனக்கு 2019 அப்படிப் போனது. ஆனால் குறைவு என்பதற்கும் சம்பளம் என்பதற்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கிறது. 100–200 மேசையில் மணிக்கு ஐந்து பிக் பிளைண்ட், அதாவது 1,000 ரூபாய், ரேக் போக வெல்லக்கூடிய மிகத் திறமையான ஆட்டக்காரர் ஒருவர் நூறு மணி நேரம் ஆடுகிறார் என்று கொள்வோம். எதிர்பார்ப்பு ஒரு லட்சம் ரூபாய். வழக்கமான ஏற்ற இறக்க அளவை வைத்துக் கணக்கிட்டால், அந்த நூறு மணி நேர முடிவில் அவர் நஷ்டத்தில் இருப்பதற்கு ஏழெட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. மணிக்கு 400 ரூபாய் வெல்லும் சுமாரான ஆட்டக்காரருக்கோ மூன்றில் ஒரு வாய்ப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி நம்மிடம் பணம் கேட்கும் வேலையை எந்த வீட்டில் சம்பளம் என்று சொல்வார்கள்?

வரியும் இருக்கிறது. சீட்டாட்ட வெற்றிக்கு நம் நாட்டில் 30 சதவீத வரி, அதன் மேல் செஸ் எனும் கூடுதல் வரி. அடிப்படை விலக்கு வரம்பு பொருந்தாது. விமானச் சீட்டு, விடுதி வாடகை என்று செலவு எதையும் கழிக்க முடியாது. இந்த ஆண்டு நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. இதற்கு மேல் ஒரு பட்டயக் கணக்கரிடம்தான் கேட்க வேண்டும்.

அந்த இளைஞர் மாறுவதற்கான காரணத்தை நான் உணராமல் இல்லை. தமிழ்நாட்டில் இணையப் போக்கர் 2020 முதலே தடை, 2021இல் தடை நீக்கம், 2023இல் புதிய சட்டம், அதே ஆண்டு நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்று அலைக்கழிந்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்ததும், ஐந்நூறு ரூபாய்க்கு வீட்டிலிருந்தபடியே ஆடிய டோர்னமென்ட்கள் ஒரே வாரத்தில் இல்லாமல் போயின. நேரில் ஆடும் டோர்னமென்ட் ஆண்டுக்குச் சில முறைதான். கப்பலில் கேஷ் கேம் மேசை அன்றாடம் இருக்கும். அதனால் நான் அண்மையில் போன இரு பயணங்களிலும், மேசையில் புதிய இளைஞர்களைப் பார்த்தேன். அவர்களை அடையாளம் காண்பது எளிது. இருபது பிக் பிளைண்ட் சில்லோடு ஆடும் கணக்குகளைப் பிசகாமல் அறிந்திருக்கிறார்கள். சில்லு குறைந்த ஒருவர் அனைத்தையும் தள்ளினால் எந்தச் சீட்டோடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில் பழைய கேஷ் கேம்காரர்களைவிடக் கூர்மையானவர்கள். டோர்னமென்ட் கற்றுத்தரும் இந்தப் பொறுமையும் கணக்கும் வீணல்ல. நூற்றைம்பது பிக் பிளைண்டோடு, ரிவர் எனப்படும் கடைசிப் பொதுச் சீட்டுவரை போன கையில் என்ன செய்வதென்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. பெல்காம் பெரியவர் இன்னும் அங்கேதான் வருகிறார்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையின் ஓரத்தில் தந்திருந்த பெட்டிச் செய்தியில், 'மாதம் இவ்வளவு ஈட்டலாம்' என்று அந்த இளைஞரின் மதிப்பீட்டை அப்படியே அச்சிட்டிருந்தீர்கள். அதன் பக்கத்தில் வைக்க, என் குறிப்பேட்டிலிருந்து ஒரு கணக்கைத் தருகிறேன். 2022இல் மாறியதிலிருந்து, தொடக்கத்து நான்கு பயணங்களின் இழப்பைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டு, விஷயம் ஓரளவு பிடிபட்ட பிறகு ஆடிய பதினான்கு பயணங்கள் மட்டும்: மேசையில் அமர்ந்தது 412 மணி நேரம், ரேக் போக வென்றது 1,38,600 ரூபாய், மணிக்கு 336 ரூபாய். போக்குவரத்துக்கும் விடுதிக்கும் ஆனது 1,96,000 ரூபாய். வரி தனி. வேலையை விட்டு விலகும் கடிதத்தை அவர் இன்னும் கொடுக்கவில்லை என்றால், இதை அவருக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கோயம்புத்தூர்.